பச்சை நரகமும் வெள்ளிமலை பஸ்ஸும்!

என் பக்கத்து சீட்டில் அப்பா உட்கார்ந்தால் காருக்கு மொத்தம் நாலு பெடல். மூன்று என் காலடியில். நாலாவது, அவர் காலடியில். கண்ணுக்குத் தெரியாத பிரேக்! எதிரே ஒரு லாரி தென்பட்டால் போதும், தரை மேட்டை அந்த மிதி மிதிப்பார். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போய் வருவதற்குள் காருக்கு ஒன்றும் ஆகாது. மேட்டுக்குத்தான் ஓட்டை விழும்.

மனிதரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் மலை பஸ் ஓட்டியவர். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை. மறுபடி வெள்ளிமலை, கோமுகி அணை, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி. இப்படியே ரிடையர் ஆனார். கல்வராயன் மலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்குச் சம்பந்தி மாதிரி. எது எப்போது முறைத்துக்கொள்ளும் என்று தெரியும்.

ஆனால் அவருக்கு ஊரில் ஒரு பட்டப் பெயர் உண்டு. 'நத்தை டிரைவர்.'

மற்ற டிரைவர்கள் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் கழித்துத்தான் எங்கப்பா பஸ் மேலே வந்து சேரும். நான் ஏழாம் கிளாஸ் படிக்கும்போது ஒரு மழை ராத்திரி நடந்தது இன்னும் ஞாபகம். ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டில் பாதியை மூடியிருந்தது. 'அடிச்சு ஏத்துங்க, போயிடலாம்' என்று பஸ்ஸே கத்தியது. அப்பா இன்ஜினை ஆஃப் செய்தார். எல்லாரையும் இறங்கச் சொன்னார். பலாப்பழ மூட்டை, கைக்குழந்தை, கிழவி சகிதம் அந்தத் துண்டை நனைந்துகொண்டே நடந்து கடந்தோம். பிறகு காலி பஸ்ஸை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கொண்டு வந்தார். 'பயந்தாங்கொள்ளி' என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் ஸ்கூலில் என் பெயர் 'குட்டி நத்தை' ஆகிவிட்டது. அன்றைக்கு முடிவு பண்ணினேன்: ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேகமாக ஓட்டிக் காட்டணும்!

அந்த ஒரு நாள் வந்தது. கள்ளக்குறிச்சியில் இல்லை ஸார், ஜெர்மனியில்!

* * *

போன வருஷம் செப்டம்பரில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் கோலோன் நகரத்துக்கு அனுப்பினார்கள். கூடவே சென்னைக்கார நண்பர் ஒருவர். (பெயர் வேண்டாம். பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.) இரண்டாவது சனிக்கிழமை காலையில், பிரெட்டில் எலுமிச்சை ஊறுகாயைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"மச்சி, இங்கேருந்து ஒன்றரை மணி நேரத்துல நூர்பர்க்ரிங் இருக்கு. தெரியுமா?"

"ரேஸ் டிராக் தானே? ஷூமாக்கரெல்லாம் ஓட்டினது?"

"அதேதான். காசு குடுத்தா நாமளும் ஓட்டலாம்!"

எனக்குள் இருந்த குட்டி நத்தை கொம்பை நீட்டியது.

முதலில் அது என்ன சமாசாரம் என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மேற்கே ஐஃபல் என்று ஒரு மலைப் பிரதேசம். குளிர், மழை, காடு. அந்தக் காலத்தில் வறுமைக்குப் பேர் போன இடம். முதல் உலக யுத்தம் முடிந்து ஜனங்கள் வேலையில்லாமல் கஷ்டப்பட்டபோது, அடெனாவ் பகுதி நிர்வாகியாக இருந்த ஆட்டோ க்ரொய்ட்ஸ் ஒரு திட்டத்தைக் கையிலெடுத்தார். நம்ம ஊர் கலெக்டர் மாதிரி பதவி என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஆட்டோ என்பது அவர் பெயர், வாகனம் இல்லை.) 'மலைக்குள்ளே ஒரு ரேஸ் ரோடு போடுவோம். வேலையும் கிடைக்கும், நாளைக்கு ஆளும் வரும்.' 1925-ல் வேலை ஆரம்பித்தது. 1927 ஜூனில் திறந்தார்கள். ஆக, உலகத்தின் மிகப் பிரசித்தமான ரேஸ் டிராக், அடிப்படையில் ஒரு வேலைவாய்ப்புத் திட்டம்!

முதலில் இருந்த முழு ரோடு 28 கிலோ மீட்டர். இன்றைக்கு எல்லாரும் பைத்தியமாக அலைவது அதன் வடக்கு வளையத்துக்கு. நார்ட்ஷ்லைஃபெ என்று பெயர். சரியாக 20.832 கிலோ மீட்டர். அதிகாரபூர்வக் கணக்கில் 73 வளைவுகள். தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் முந்நூறு மீட்டர் வித்தியாசம். நடுவே மலை மேல் ஓர் இடிந்த கோட்டை. அந்த நூர்பர்க் கோட்டையின் பெயர்தான் டிராக்குக்கு. ஸ்காட்லாந்து வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்கு வைத்த பெயர் 'பச்சை நரகம்.' மூன்று தடவை உலக சாம்பியன் ஆனவரே நரகம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

1976 ஆகஸ்ட் 1-ம் தேதி, இங்கேதான் நிக்கி லாடாவின் கார் மோதித் தீப்பிடித்தது. சக வீரர்கள்தான் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தார்கள். முகமெல்லாம் வெந்துபோன மனிதர் ஆறு வாரத்தில் மறுபடி ரேஸ் ஓட்ட வந்தார். அந்த வருஷத்துச் சாம்பியன் பட்டத்தை ஒரே ஒரு பாயிண்டில் இழந்தார். அதற்கப்புறம் ஃபார்முலா ஒன் இந்த வடக்கு வளையத்தின் பக்கம் வரவே இல்லை.

(அதே 1976-ல்தான் எங்கள் கல்வராயன் மலையில் ஜாகீர் முறை ஒழிந்து, மலை அரசாங்கத்தின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து! அங்கே ரேஸ் கார் மலையை விட்டு இறங்கிய வருஷத்தில்தான் இங்கே அரசாங்கம் மலையேறியது. ரோடு, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வந்தவை. அப்பா நத்தை என்றால், எங்கள் ஊருக்கு வந்த வளர்ச்சி நத்தைக்கும் தாத்தா.)

விசித்திரம் என்னவென்றால், இந்த டிராக் பல நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. ஒரு வழிப் பாதை. சுங்கச்சாவடி மாதிரி கேட். நாங்கள் போனபோது ஒரு சுற்றுக்குக் கட்டணம் முப்பது யூரோ, வார இறுதியில் இன்னும் கொஞ்சம் கூட. யூரோவை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். நான் பெருக்கினேன். தலை சுற்றியது. டிக்கெட் வாங்காமலேயே ஒரு சுற்று முடிந்துவிட்டது.

* * *

சரி, கார்?

கோலோனில் ஆபீஸ் வேலைக்காக ஏற்கெனவே ஒரு வாடகைக் கார் எடுத்திருந்தோம். 'இதிலேயே போயிடலாம் மச்சி, யாருக்குத் தெரியப் போவுது?' என்றார் நண்பர். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அக்கவுண்ட்ஸ் ஆள் என்பதால் பொடி எழுத்தைப் படித்துவிடுவேன். ஒப்பந்தத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: ரேஸ் டிராக்கில் ஓட்டக் கூடாது, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்திலும் கூடாது. மீறினால் இன்சூரன்ஸ் கிடையாது. சாதாரண வாடகைக் கம்பெனிகள் பெரும்பாலும் இப்படித்தான். ஓர் உரசல் என்றால் முழுக் காரும் நம் தலையில்.

அதனால் இதற்கென்றே அந்த மலைக் கிராமங்களில் தனி வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள். டிராக்கில் ஓட்டுவதற்கென்றே கார்களைத் தயார் செய்து, நல்ல பிரேக், கெட்டி சீட், உள்ளே இரும்புக் கூண்டு எல்லாம் வைத்துக் கொடுப்பார்கள். காசும் அதற்கேற்ப.

போனோம். ஒரு ஷெட். வரிசையாகக் கார்கள். போர்ஷே, பி.எம்.டபிள்யூ... என் கண்கள் ஆவலோடு மேய்ந்தன. கடைக்காரர் எங்கள் பட்ஜெட்டைக் கேட்டார். சொன்னேன். அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே நின்றது...

மாருதி ஸ்விஃப்ட்!

சரி, மாருதி என்ற பெயர் இல்லை. வெறும் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். ஆனாலும் முகம் அதேதானே? ஏழாயிரம் கிலோ மீட்டர் தாண்டி வந்து, பச்சை நரகத்தின் வாசலில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கால் டாக்ஸியில் ஏறச் சொல்கிறாரே! நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கோ ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. கிட்டே போய் பானெட்டைத் தடவிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போட காகிதம் வந்தது. சர்வதேச டிரைவிங் பர்மிட்டைக் காட்டினேன். (ஊரிலேயே ஆர்.டி.ஓ. மூலம் வாங்கிக்கொள்ளணும். ஒரு வருஷம் செல்லும். இது இல்லாமல் மொட்டை லைசென்ஸோடு போய் நிற்காதீர்கள்.) பிறகு மூன்றாவது பக்கத்துக்கு வந்தேன். காருக்குச் சேதம் என்றால் என் பொறுப்பு மூவாயிரம் யூரோ வரை. ஓரத்துத் தடுப்புக் கம்பி சேதமானால் அது தனி, மீட்டர் கணக்கு. இழுவை வண்டி தனி. டிராக்கை மூட வேண்டி வந்தால் அதுவும் தனி.

மூவாயிரம் யூரோ. மூணு லட்ச ரூபாய்.

என் கணக்கில் அப்போது இருந்தது மூணு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். சரியாகச் சொன்னால் அது என் பணமே இல்லை. அப்பாவின் முட்டி. இரண்டு முட்டியில் இடதுதான் போயிருந்தது. எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "பெரியவர் என்ன வேலை பார்த்தார்?" என்றார். பஸ் டிரைவர் என்றேன். "கிளட்ச் கால்" என்று மட்டும் சொல்லி எக்ஸ்ரேவைக் கீழே வைத்தார். நவம்பரில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தோம்.

பேனா கையில் இருந்தது. நண்பர் முதுகில் தட்டினார். "போடு மச்சி, வாழ்க்கையில ஒரு தடவை!"

வெளியே வந்து ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, ஒரு ரேஸ் ரோட்டுல கார் ஓட்டப் போறேன்."

"எதிர்ல வண்டி வருமா?"

"வராதுப்பா. ஒன்வே."

"மாடு, ஆடு?"

"கிடையாது."

"நடுவுல கை காட்டி ஏறுவாங்களா?"

"சேச்சே!"

"அப்ப என்னடா கஷ்டம்? எங்கம்மாவே ஓட்டுவா!"

சிரித்தார். பிறகு குரல் மாறியது. "இந்தா பாரு. வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் கொன்னுடு. வளைவுக்குள்ள போயி பிரேக் போட்டா வண்டி உன் பேச்சைக் கேக்காது. கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும், பள்ளத்தைப் பாக்காதே. பின்னால ஒருத்தன் வந்தா வழி விடு. அவனுக்கு அவசரம், உனக்கு உசுரு. மலையில ஜெயிக்கிறதுன்னா என்ன தெரியுமா? இறங்கி வந்து டீ குடிக்கிறதுதான்."

"சரிப்பா."

"மோதினா யாரு காசு?"

"இன்சூரன்ஸ் இருக்குப்பா" என்றேன். பொய். உள்ளே போய் கையெழுத்துப் போட்டேன்.

* * *

டிராக்கில் விடுவதற்கு முன் கடைக்காரர் ஒரு பாடம் நடத்தினார். இங்கே நாட்டின் சாலை விதிதான். ரேஸ் கிடையாது. நேரம் எடுக்கக் கூடாது. நிறுத்தக் கூடாது. வலது ஓரமாகப் போகணும். முந்துகிறவர்கள் இடது பக்கமாக முந்துவார்கள். மஞ்சள் கொடியோ மஞ்சள் விளக்கோ கண்டால் உடனே வேகம் குறைக்கணும். கடைசியாக, "வேகமாக ஓட்டத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி பார்க்கத் தெரியுமா?" என்றார். அப்பாவுக்கு ஜெர்மன் தெரிந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார்.

இடது பக்கம் ஸ்டீயரிங், வலது கையில் கியர். முதல் கோளாறு கேட்டிலேயே. இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஆடியது. வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை. பின்னால் நின்ற பைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேட் தூக்கியது. போனோம்.

முதல் கிலோ மீட்டர்களிலேயே ஹட்ஸன்பாஹ் என்று ஒரு வளைவுக் கொத்து. இடம், வலம், இடம், வலம். எனக்குச் சட்டென்று ஓர் உணர்வு: 'அட, இது தெரிஞ்ச ரோடு!' ரெண்டு பக்கமும் மரம். மேடு ஏறினால் அந்தப் பக்கம் என்ன என்றே தெரியாது. ஓரத்தில் நிழல் ஈரம். பெயர்ப் பலகையை மாற்றிவிட்டால் கோமுகி அணை தாண்டி மேலே ஏறுகிற மாதிரியே. கடுக்காய் மரமும் மரவள்ளிக் காடும்தான் இல்லை.

"மிதி மச்சி! மிதி!" என்றார் நண்பர்.

ஒரு போர்ஷே போனது. ஒரு பைக். ஒரு மினி. பின்னால் குழந்தை சீட் வைத்த ஒரு குடும்ப வேன் போனது! மானம் போனது என்று சொன்னால் மிகையாகாது. நரிப் பொந்து என்று அர்த்தம் வருகிற ஃபுக்ஸ்ரோரெ இறக்கம் வந்தது. கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி சர்ரென்று கீழே போய், அடியில் வயிற்றை அமுக்கி, மறுபடி மேலே தூக்குகிறது. 'மிதி' என்ற குரல் அதோடு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் நண்பர் முகம் டிராக்கை விடப் பச்சை.

வெள்ளிமலை பஸ்ஸில் வளர்ந்தவனுக்கு அந்த முகம் அத்துப்படி. எங்கள் ஊர்ப் பெண்கள் மலை ஏறும்போது கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். மோந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். "எலுமிச்சை இருக்கா மச்சி?" என்றார் ஈனஸ்வரத்தில். காலையில் சாப்பிட்ட ஊறுகாயை ஞாபகப்படுத்தினேன். அது தப்பாகப் போய்விட்டது. நல்ல வேளை, என் பாக்கெட்டில் பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதுவும் மலை பஸ் கற்றுக்கொடுத்த பாடம்தான்.

லாடா விழுந்த இடம் பேர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால். அதைக் கடக்கும்போது தன்னால் கால் லேசானது. அப்புறம் காருஸெல். ரோட்டின் ஓரத்தில் சரிவாக ஒரு காங்கிரீட் தொட்டி. காரை அதற்குள் இறக்கிச் சுற்றி வரணும். கடகடவென்று பல்லெல்லாம் ஆடியது. மாட்டு வண்டியில் கல்யாணத்துக்குப் போன ஞாபகம்.

அதைத் தாண்டி மேலே ஏறி இறங்கினால் புரூன்ஷென். வேலிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் கூட்டமாக உட்கார்ந்து கேமராவோடு வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கேதான் ஸார், சனியன் தோளில் ஏறியது. அத்தனை பேர் பார்க்கிறார்கள்! பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கார் சீறிக்கொண்டு வந்தது. என் வயசுதான் இருக்கும் அந்த டிரைவருக்கு. 'இவனை மட்டும் விடாதே' என்று குட்டி நத்தை உள்ளே கத்தியது. வலது கால் இறங்கியது. ஸ்விஃப்ட் உறுமியது. அடுத்த வளைவு ஓடி வந்தது.

வேகத்தை முன்னாடியே கொன்னுடு.

இன்னொரு காலே வந்து மிதித்த மாதிரி பிரேக்கை மிதித்தேன். வலது பக்கம் ஒதுங்கினேன். இண்டிகேட்டர் போட்டேன். (வைப்பர் ஆடியது.) சிவப்புக் கார் தாண்டிப் போனது. வேலிக்கு அப்பால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கட்டும்.

ஓரிரு நிமிஷம் கழித்து, ஒரு கண்மூடி மேட்டுக்கு முன்னால், மஞ்சள் கொடி. மெதுவாக ஏறி இறங்கினேன். அங்கே...

சிவப்புக் கார் தடுப்புக் கம்பியில் சாய்ந்திருந்தது. முன்பக்கம் அப்பளம். டிரைவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அடி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கம்பியை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. என் கையில் ஸ்டீயரிங் வழுக்கியது. வியர்வை. அந்த மேட்டில் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போயிருந்தால், இப்போது கம்பிக்குப் பக்கத்தில் ரெண்டு பேர் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். ஒருத்தர் ஜெர்மனில். ஒருத்தர் முட்டியில்.

கடைசி வளைவின் பெயர் கால்கன்கோப்ஃப். தூக்குமரத்தை வைத்து வந்த பெயராம். அதையும் தாண்டி நீண்ட நேர் ரோட்டில் வெளியே வந்தேன். போர்ஷே கம்பெனியின் ஸ்பெஷல் கார் ஒன்று 2018-ல் இந்த வளையத்தை 5 நிமிஷம் 19 செகண்டில் சுற்றியிருக்கிறது. நான்? நேரம் எடுக்கக் கூடாது என்பது விதி. மனசுக்குள் இளையராஜா பாட்டு மூன்று முழுசாக ஓடியது, சரணம், பி.ஜி.எம். உட்பட. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காரைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் குனிந்து, சுற்றி வந்து, நாலு டயரையும் தடவிப் பார்த்தார். "ஒன்றும் இல்லை" என்றார். என் வாழ்க்கையில் கேட்ட மிக அழகான இரண்டு வார்த்தைகள். பக்கத்துக் கடையில் டீ கேட்டேன். வெந்நீரில் பையை முக்கிக் கொடுத்தார்கள். அமிர்தம்!

* * *

இதைப் படித்துவிட்டு ஜெர்மனிக்கு டிக்கெட் விலை பார்க்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஸ் ஆசைக்கு அவ்வளவு தூரம் போகணும் என்றில்லை. நம்ம சோழவரத்தில், பழைய யுத்த கால விமான ஓடுதளத்தில், அந்தக் காலத்திலேயே ரேஸ் விட்டிருக்கிறார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான டிராக்கே வந்துவிட்டது. கோயமுத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. அந்தக் கோயமுத்தூரிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ரேஸே நடந்தது. 2025 ஜனவரியில் அஜீத் குமாரின் அணி துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதற்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவரே காரை மோதித் தப்பியவர் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் வேணுமா, டிராக்குக்குப் போங்கள். அங்கே எதிரே வண்டி வராது, கிழவி குறுக்கே வர மாட்டாள், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். சேலம் - உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் இதில் ஒன்றும் கிடையாது. அங்கே தினமும் 'மிதி மச்சி' என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

நவம்பரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலு மாசம் கழித்து, "மலைக்குப் போயிட்டு வரலாமாடா?" என்றார் அப்பா. என் பழைய காரில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டினதுமே நாலாவது பெடல் வேலை செய்ய ஆரம்பித்தது. கூடவே ஒரு புது விஷயம் கவனித்தேன். ஒவ்வொரு கியருக்கும் இடது காலும் அமுங்குகிறது. புது முட்டிக்கு வெள்ளோட்டம்!

வெள்ளிமலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் மனசு பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். இன்சூரன்ஸ் பொய், மூணு லட்சம், எல்லாம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. டீயை ஆற்றிக் குடித்தார். கிளாஸை வைத்தார்.

"எத்தனை வண்டி உன்னைத் தாண்டிச்சு?"

"முப்பத்தொண்ணு."

"எண்ணினியா?"

"கண்ணாடி பாத்துக்கிட்டே வந்தேன்ல."

"நீ எத்தனையைத் தாண்டினே?"

"ஒண்ணே ஒண்ணு. அது கம்பியில மோதி நின்னுக்கிட்டு இருந்தது."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. புது முட்டியைத் தடவிக்கொண்டார். "பொய் சொன்னதுக்கு ஒரு அறை பாக்கி இருக்கு. வீட்டுக்குப் போய் வாங்கிக்க" என்றார்.

அந்த மழை ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்கு உனக்குப் பயமா இருந்துச்சாப்பா?"

"இல்லாமே? நீ மூணாவது சீட்டுல உக்காந்துட்டு இருந்தியே" என்றார்.

இருபத்தைந்து வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

இறங்கும்போது ஒரு வளைவில், கீழேயிருந்து ஏறி வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடணும். அது சட்டம். காரை ஓரங்கட்டி நிறுத்தினேன். பஸ் முனகிக்கொண்டு எங்களைக் கடந்தது. உள்ளே ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தாள். டிரைவர் சின்னப் பையன். அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"யாருப்பா?"

"நம்மகிட்ட தொழில் கத்துக்கிட்ட பையன்" என்றார் அப்பா. பிறகு பெருமையாக, "ரொம்ப மெதுவா ஓட்டுவான்!"